180 வெள்ளி ஹேம்பரும் கழுவின குப்பத்தொட்டியும்

கேள்வி: வணக்கம் அக்கா. அம்மா போன வருஷம் தவறிட்டாங்க. அவங்க இருந்த ஃபேரர் பார்க் கொண்டோ, ரெண்டு ரூம், இப்ப என் பேருக்கு வந்திருக்கு. நாங்க செங்காங்ல இருக்கோம். வருஷக்கணக்குல வாடகைக்கு விட மனசு வரல, கொஞ்ச கொஞ்ச காலத்துக்கு விடலாம்னு முடிவு பண்ணேன். முதல்ல வந்தவங்க கோயம்புத்தூர் ஜோடி, வேலைக்காக மூணு மாசம். 180 வெள்ளிக்கு ஹேம்பர், ஆர்க்கிட் பூ, வெல்கம் கார்டு எல்லாம் வச்சேன். ரூல்ஸ் தெளிவா இருக்கட்டும்னு லேமினேட் பண்ணி ஏழு எடத்துல ஒட்டியிருக்கேன். அம்மா சாமான் மட்டும் ரெண்டு அலமாரியில பூட்டி வச்சிருக்கேன். வைஃபை பாஸ்வேர்ட வாட்ஸ்அப்ல அனுப்பினேன். தினம் மெசேஜ் போட்டு எல்லாம் ஓகேயான்னு கேட்டேன், ஓகே ஆன்ட்டின்னுதான் சொன்னாங்க. நீட்டிப்பாங்கன்னு நெனச்சா, ரெண்டு தெரு தள்ளி வேற கொண்டோவுக்கு போயிட்டாங்க, அங்க வாடகை 200 வெள்ளி கூட! எங்க தப்பு பண்ணேன்? மக வேற, எதுக்கும்மா மூணு மாசம், ஆப்ல போட்டு மூணு நாள் நாலு நாளுக்கு விடுங்கறா. கையில 300 வெள்ளி வச்சிருக்கேன், என்ன வாங்கி வச்சா வர்றவங்க சந்தோஷப்படுவாங்க? வீட்டு போட்டோ ஒன்பது அனுப்பியிருக்கேன். – ஒரு வாசகி, செங்காங்

பதில்: தங்கச்சி, அம்மா விஷயம் கேட்டு வருத்தமா இருக்கு. அதுக்கு கடைசியில வர்றேன், ஏன்னா உங்க கேள்விக்கு பாதி பதில் அந்த ரெண்டு அலமாரிக்குள்ளதான் இருக்கு.

முதல்ல மக சொன்னத முடிச்சிடுவோம். மூணு நாள் நாலு நாள் கதையே இங்க வேணாம். சிங்கப்பூர்ல கொண்டோவோ தர வீடோ, தனியார் வீடுன்னா வாடகைக்கு விடறது தொடர்ந்து கொறஞ்சது மூணு மாசத்துக்கு இருக்கணும். முன்னாடி ஆறு மாசமா இருந்துச்சு, 2017 ஜூன் கடைசியிலதான் மூணா கொறச்சாங்க. வீவக வீடுன்னா, அதான் அரசாங்க அடுக்குமாடி வீடுன்னா, இன்னமும் ஆறு மாசம்தான். நடுவுல யூஆர்ஏ, அதான் நகர மறுசீரமைப்பு ஆணையம், இத தளர்த்தலாமா வேணாமான்னு எல்லார்கிட்டயும் கருத்து கேட்டாங்க, கேட்டுட்டு 2019ல இருக்கறபடியே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. 2018ல ரெண்டு பேர் கொண்டோவ ஆப்ல போட்டு நாள் கணக்குல விட்டு மாட்டிக்கிட்டு ஆளுக்கு 60,000 வெள்ளி அபராதம் கட்டினாங்க, அது 200,000 வரைக்கும்கூட போகலாம். நான் இருபது வருஷத்துக்கு மேல வேல பாத்த சர்வீஸ் அப்பார்ட்மெண்ட் மாதிரி எடத்துக்கே கொறஞ்சது ஏழு நாள்னு கணக்கு இருக்கு. எதிர் புளோக்ல பண்றாங்களேன்னு மக சொல்லலாம், கொண்டோ கார்டுக்கு கண்ணு இருக்கு, எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு அதவிட நல்ல கண்ணு இருக்கு. வேணாம்.

மூணு மாசம்னாலும் வர்றவங்க விருந்தாளிதான், இன்னும் சொல்லப்போனா கஷ்டமான விருந்தாளி. மூணு நாள் வர்றவங்க ஊர் சுத்திப் பாத்துட்டு தூங்கிட்டு போயிடுவாங்க. மூணு மாசம் வர்றவங்க சமைக்கணும், துவைக்கணும், காய்ச்சல் வந்தா படுக்கணும், புருஷன் பொண்டாட்டின்னா சண்ட போட்டு சமாதானமும் ஆகணும், எல்லாமே உங்க வீட்ல.

இப்ப ஹேம்பருக்கு வருவோம். மூணாவது போட்டோவுல அத நல்லா பெருசு பண்ணி பாத்தேன். அன்னாசிப்பழ டார்ட் இருக்கு, சரி. சாக்லேட்டு, சரி. ஓரத்துல செவப்பு மூடி போட்ட டப்பாவுல சுண்டுவிரல் நுனி அளவு உருண்ட உருண்டயா ரோல் இருக்கு பாருங்க, அது இறால் ரோல் தங்கச்சி! நமக்கு சீனப் புத்தாண்டுக்கு சாப்ட்டு சாப்ட்டு பழகிடுச்சு, கோயம்புத்தூர்லேர்ந்து வந்தவங்க அத ஏதோ காராசேவு மாதிரின்னு நெனச்சு வாயில போட்டிருப்பாங்க. அவங்க சைவமா அசைவமான்னு உங்க லெட்டர்ல எங்கயுமே இல்ல, அப்ப நீங்க கேக்கலன்னு அர்த்தம். சைவமா இருந்திருந்தா? ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. டப்பாவ மூடி அப்படியே வச்சிருப்பாங்க, நீங்க மெசேஜ் போட்டப்ப ஓகே ஆன்ட்டின்னு சொல்லியிருப்பாங்க.

இந்த ஓகேயப் பத்தி ஒரு கத சொல்றேன், இதுதான் நான் இந்த தொழில்ல கத்துக்கிட்ட பெரிய பாடம்.

நான் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரா இருந்த சமயம், திருச்சி பக்கத்துலேர்ந்து ஒரு பையன் வேலைக்கு வந்து எங்ககிட்ட தங்கினாரு, கூட அவங்க அம்மாவும் வந்திருந்தாங்க, அறுபது அறுபத்தஞ்சு வயசு இருக்கும். ராத்திரி ஃப்ளைட்டு, வந்து சேரும்போது மணி பன்னண்டு. மறுநாள் ரிசப்ஷன்லேர்ந்து போன் போட்டு கேட்டோம், எல்லாம் ஓகேன்னாங்க. ரெண்டாம் நாள் கேட்டோம், ஓகே. நாலாம் நாள் காலையில துண்டு மாத்த நானே போனேன். உள்ள போனா அந்தம்மா அடுப்புல பெரிய சட்டியில தண்ணி கொதிக்க வச்சுட்டு நிக்கறாங்க, சேல முந்தானையால சட்டிய புடிச்சு பாத்ரூமுக்கு தூக்கிட்டு போறாங்க, எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. அங்க பாத்தா, ரூம்ல வச்சிருந்த பிளாஸ்டிக் குப்பத்தொட்டிய நல்லா சோப்பு போட்டு கழுவி வாளியா வச்சிருக்காங்க, காப்பி மக்குதான் மொண்டு ஊத்திக்க. என்னம்மா இதுன்னு கேட்டா, பரவால்லம்மா, மூணு நாள் பச்சத்தண்ணியில குளிச்சேன், சளி புடிச்சிடுச்சு, அதான், அப்படிங்கறாங்க.

ஹீட்டர் சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளிய, கதவு பக்கத்து செவத்துல இருந்துச்சு. நம்ம ஊர்ல முக்கால்வாசி வீட்ல அப்படித்தான், நமக்கு கை தானா போயிடும். நான் அத அழுத்தி காட்டினேன், சின்ன செவப்பு லைட்டு எரிஞ்சுது. அந்தம்மா சொன்னத இன்னிக்கும் மறக்க முடியல. "இத நான் மொத நாளே அழுத்திப் பாத்தேம்மா, பாத்ரூம்ல லைட்டு எரியல, சரி கெட்டுப் போச்சாக்கும்னு திரும்ப அமுத்திட்டேன்." அது டேங்க் வச்ச ஹீட்டர், போட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் காத்திருந்தாத்தான் சுடுதண்ணி வரும், அது யாருக்குத் தெரியும். அந்த ரூம்ல நாங்க வரவேற்புக்கு பழக்கூட வச்சிருந்தோம், ஆர்க்கிட் பூ வச்சிருந்தோம், மேனேஜர் கையெழுத்து போட்ட கார்டு வச்சிருந்தோம். ஒரு வாளியும் சுவிட்ச் மேல ஒரு ஸ்டிக்கரும் வைக்கல.

அன்னிலேர்ந்து எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. நம்ம ஆளுங்க ஓசியில தங்கினாலும் காசு குடுத்து தங்கினாலும் அடுத்தவங்க வீட்ல கொற சொல்ல மாட்டாங்க, சமாளிச்சுப்பாங்க. கூச்சம், மரியாத, ஊர் புதுசு, இங்க இப்படித்தான் போலன்னு ஒரு நெனப்பு, எல்லாம் சேந்து. மூணு மாசம் சமாளிச்சா அலுப்பு தட்டிடும், அப்புறம் 200 வெள்ளி கூட குடுத்தாவது வேற எடம் போவோம்னு தோணும். உங்க கோயம்புத்தூர் ஜோடி போனது இப்படித்தான்னு நான் அடிச்சு சொல்வேன். வர்றவங்க எதயெல்லாம் வாய் விட்டு கேக்க மாட்டாங்களோ அது அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே அங்க இருந்தா அதான் சந்தோஷம், ஹேம்பரெல்லாம் அதுக்கப்புறம்.

அத எப்படி கண்டுபுடிக்கறது? உங்க மகளக் கூட்டிட்டு ஒரு வெள்ளிக்கிழம ராத்திரி அங்க போய் தங்குங்க. வீட்டுக்காரியா போகக்கூடாது, ஏர்போர்ட்லேர்ந்து வர்ற மாதிரி, கையில ஒரு பெட்டி, போன்ல டேட்டாவ ஆஃப் பண்ணிட்டு போங்க. டேட்டா ஆஃப் பண்றது முக்கியம், ஏன்னா நீங்க வைஃபை பாஸ்வேர்ட வாட்ஸ்அப்ல அனுப்பினேன்னு எழுதியிருக்கீங்க, இங்க சிம்மு இன்னும் வாங்காதவங்க அத எப்படி பாப்பாங்க? (சிரிக்காதீங்க, நாங்களும் ரெண்டு வருஷம் ஈமெயில்ல அனுப்பிட்டு இருந்தோம்.) கதவு தெறந்ததும் லைட்டு சுவிட்ச் எங்கன்னு இருட்டுல தடவிப் பாருங்க. பெட்டிய எங்க படுக்க வச்சு தெறப்பீங்கன்னு பாருங்க. கட்டில்ல படுத்தபடியே லைட்டு அணைக்க முடியுதா, போன் சார்ஜர் கட்டில் வரைக்கும் எட்டுதா, திரைச்சீல நடுவுல எதிர் புளோக் காரிடார் லைட்டு கோடு மாதிரி மூஞ்சில விழுதா, ஃப்ரிட்ஜு நடுராத்திரி தடதடங்குதா. காலையில எந்திரிச்சு அந்த சமையலறையில ஒரு காப்பி போட்டு பாருங்க. நான் பயிற்சி குடுக்கற எடத்துலயெல்லாம் இத செய்யச் சொல்வேன், போயிட்டு வந்தவங்க யாரும் பத்து விஷயத்துக்கு கொறஞ்சு எழுதிட்டு வந்ததில்ல.

அடுத்தது லேமினேட். ஏழு எடம்! அஞ்சாவது போட்டோவுல சமையலறை செவத்துல கொட்ட எழுத்துல 'ஹெவி குக்கிங் கூடாது, லைட் குக்கிங் மட்டும்'னு போட்டிருக்கீங்க. தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க, இத நான் கொஞ்சம் வெளிப்படையாவே பேசணும். நம்ம பிள்ளைங்க இங்க வீடு தேடும்போது விளம்பரத்துல இந்த வரியப் பாத்துட்டு மூஞ்சி சுருங்கி போறத எத்தன தடவ பாத்திருக்கோம், அந்த வரிக்கு உள்ள என்ன அர்த்தம் இருக்குன்னு நமக்குத் தெரியாதா? அதையே நம்ம வீட்டு செவத்துல நம்மளே ஒட்டலாமா? தோச ஊத்தினா ஹெவியா லைட்டா? ரசத்துக்கு தாளிச்சா? அந்தப் பொண்ணு மூணு மாசமும் கடுகு வெடிக்கும்போதெல்லாம் பயந்துகிட்டே சமைச்சிருப்பா, இல்லன்னா தினம் சிராங்கூன் ரோட்டுக்கு எறங்கிப் போய் சாப்ட்டிருப்பா, ரெண்டு பேருக்கு ஒரு வேள சாப்பாடே என்ன ஆகுதுன்னு உங்களுக்கே தெரியும்.

உங்க பயம் எண்ணெய்ப் பிசுக்கும் வாடையும்தான்னா அதுக்கு வழி இருக்கு, தட வேணாம். அடுப்புக்கு மேல இருக்கற ஹூட்ல ஃபில்டர் ஜாலிய கழட்டி ஒவ்வொரு விருந்தாளி போனதும் சுடுதண்ணியில சோடா உப்பு போட்டு ஊற வச்சு கழுவுங்க. அடுப்புக்கு பின்னாடி செவத்துல துடைக்கற மாதிரி ஷீட் ஒட்டுங்க. ரூம் கதவ மூடிட்டு ஜன்னலத் தெறந்து சமைங்கன்னு வாயால அன்பா ஒரு தடவ சொல்லுங்க, போதும். மிச்ச ஆறு லேமினேட்டயும் இன்னிக்கே கழட்டுங்க. வேற என்ன இருந்துச்சு அதுல, 'ஷூ வெளியே', 'ஏர்கான் 8 மணி நேரம் மட்டும்', 'சோபாவில் சாப்பிடக்கூடாது'... இதெல்லாம் செவத்துல இருந்தா வீடு மாதிரியா இருக்கு, அரசாங்க ஆபீஸ் கவுண்டர் மாதிரி இருக்கு. ஏர்கானுக்கு மணிக்கணக்கு போடாதீங்க, பி.யு.பி பில்லுக்கு, அதான் கரண்டு தண்ணி பில்லுக்கு, மாசம் இவ்ளோ வரைக்கும் என் கணக்கு, மேல போனா உங்க கணக்குன்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க, இங்க எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. அப்புறம் ஏர்கான மூணு மாசத்துக்கு ஒரு தடவ சர்வீஸ் பண்ணுங்க, விருந்தாளி மாறும்போது பண்ணிட்டா கணக்கு சரியா வரும். நடுராத்திரி ஏர்கான்லேர்ந்து தண்ணி சொட்டி கட்டில் நனைஞ்சா எந்த ஹேம்பரும் காப்பாத்தாது.

இந்த ஏழு லேமினேட்டுக்கு பதிலா ஒரே ஒரு ஏ4 தாள், தமிழ்ல, உங்க கையால எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல காந்தம் வச்சு மாட்டுங்க. கூடாதுன்னு முடியற வரி அதுல ரெண்டுக்கு மேல இருக்கக்கூடாது. வைஃபை பேரு பாஸ்வேர்டு மேல. அப்புறம் குழாத் தண்ணிய அப்படியே குடிக்கலாம்ங்கற விஷயம். இத எழுதாம விட்றாதீங்க! எங்ககிட்ட ஒரு குடும்பம் ஒரு மாசமா அஞ்சு லிட்டர் தண்ணி பாட்டில பேரங்காடிலேர்ந்து ரெண்டு கையிலயும் தூக்கிட்டு வந்துட்டு இருந்தாங்க, பால்கனி பூரா காலி பாட்டில். நான் ஒண்ணும் பேசல, அவங்க முன்னாடியே குழாயத் தெறந்து ஒரு டம்ளர் புடிச்சு மடக் மடக்னு குடிச்சேன். அந்தப் பொண்ணு என் மூஞ்சிய அஞ்சு நிமிஷம் பாத்துட்டே இருந்துச்சு, எனக்கு எதாவது ஆகுதான்னு.

மிச்சம் அந்த தாள்ல என்ன எழுதலாம்னா, குப்பய எங்க போடறது, வாஷிங் மெஷின்ல எந்த பட்டன் ரெண்டு மட்டும் தேவ, தேக்கா சந்தைக்கு காலையில போனா கறிவேப்பில காய் மீன் எல்லாம் ஒரே எடம், முஸ்தபா கடை எந்தப் பக்கம், பெக் கியோ சந்த எந்தப் பக்கம், கோப்பி கடையில கோப்பின்னா கெட்டிப்பால் ஊத்தினது, கோப்பி ஓன்னா பால் இல்லாதது, கோப்பி சின்னா அந்த இனிப்பு இல்லாத டின் பாலும் சீனியும், பழகிட்டா விட மாட்டீங்கன்னு ஒரு வரி. உணவங்காடியில சாப்ட்டு முடிச்சா தட்ட நாமதான் எடுத்து வைக்கணும், 2021லேர்ந்து அது சட்டம். எம்ஆர்டி ரயில்ல சாப்பிடக்கூடாது, தண்ணிகூட குடிக்கக்கூடாது, டுரியான் தூக்கிட்டு ஏறக்கூடாது. இந்த எம்ஆர்டி ஒண்ணு, வேப் ஒண்ணு, கூடாது ரெண்டும் இதுக்கே போயிடுச்சு. வேப் இங்க தடைன்னு தெரியாம பையில வச்சுட்டு வர்ற சின்னப் பசங்க இருக்காங்க, சொல்லிடறது நல்லது. பக்கத்து கிளினிக் எது, ராத்திரி அவசரம்னா 995, போலீசுக்கு 999. இல்லன்னா அவங்க ஊர் நம்பர அடிச்சு பாத்துட்டு பதறுவாங்க.

சரி, 300 வெள்ளி. முதல் செலவு வாளியும் மக்கும், ஒவ்வொரு பாத்ரூமுக்கும். பத்து பன்னண்டு வெள்ளிக்குள்ள முடியும். எட்டாவது போட்டோவுல உங்க பாத்ரூம் பளபளன்னு ஹோட்டல் மாதிரி இருக்கு, மழ மாதிரி கொட்டற ஷவர், ஆனா நம்ம ஆளு எண்ணெய் தேச்சு குளிக்கணும்னா வாளி வேணும், அத விட முக்கியமான இன்னொரு காரியத்துக்கும் மக்கு வேணும், அத நான் விளக்க வேணாம். அப்புறம் ப்ளக்கு. இந்தியாவுல உருண்ட பின்னு, இங்க பட்ட பின்னு மூணு, அங்கேர்ந்து கொண்டு வந்தது எதுவும் செவத்துல நேரா எறங்காது. வோல்டேஜ் ரெண்டு எடமும் 230தான், அதனால மிக்சிகூட ஓடும், அடாப்டர்தான் பிரச்ன. நல்ல அடாப்டர் மூணு வாங்கி ஒண்ண கட்டில் பக்கத்துல ஏற்கனவே சொருகியே வைங்க, டிராயர்ல போட்டா கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி ஒரு மணிக்கு சார்ஜ் ரெண்டு பர்சண்ட்டுல வந்து நிக்கறவங்களுக்கு அது ஆர்க்கிட் பூவ விட அழகா தெரியும்.

சமையலறைக்கு மூணு லிட்டர் குக்கர், தோசக்கல்லு, அஞ்சறைப்பெட்டி, நல்ல கத்தி ஒண்ணு, காப்பி ஃபில்டர். அம்மா வீட்ல இதெல்லாம் ஏற்கனவே இருக்கும்னு நெனக்கறேன், அப்ப காசு மிச்சம். குக்கருக்கு கேஸ்கெட் மட்டும் புதுசு போடுங்க, விசில் அடிக்குதான்னு வச்சு பாருங்க. துண்டு வெள்ளையா வாங்குங்க, ப்ளீச் பண்ணிக்கலாம், ஆனா ஆளுக்கு ஒரு கருநீலத் துண்டும் சேத்து வைங்க, எண்ணெய்த் தலை, மருதாணி, முடிச்சாயம் எல்லாம் அதுல போகட்டும்னு சொல்லி குடுத்துடுங்க. மஞ்சக்கறைக்கு பயந்து ஒரு பொண்ணு வீட்லேர்ந்து கொண்டு வந்த பழைய நைட்டியில தல துவட்டிட்டு இருந்தத பாத்திருக்கேன். கதவு பக்கத்துல ரெண்டு குட. நவம்பர்லேர்ந்து ஜனவரி வரைக்கும் வர்ற மழ எப்படின்னு நமக்குத் தெரியும், அவங்களுக்கு மேல விழுந்தாத்தான் தெரியும். அப்புறம் பெட்டி எட பாக்கற கொக்கித் தராசு ஒண்ணு. ஊருக்குத் திரும்பும்போது முஸ்தபாவுல வாங்கினத எல்லாம் அமுக்கி வச்சு, ஏர்போர்ட்ல எட கூடி, நாலு பேர் பாக்க பெட்டியத் தெறந்து சாக்லேட்ட வெளிய எடுக்கற கொடும இருக்கே, அதுலேர்ந்து காப்பாத்தினீங்கன்னா வாழ்நாள் பூரா உங்க பேரச் சொல்வாங்க.

ஹேம்பருக்கு பதிலா முதல் ராத்திரிக்கும் மறுநாள் காலைக்கும் சாப்பாடு. வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி போன்ல கேளுங்க, சைவமா, முட்ட சாப்டுவீங்களா, ஹலாலா, வெங்காயம் பூண்டு சேப்பீங்களான்னு. அப்புறம் பால், தயிர், வாழப்பழம், ரொட்டி, காப்பித்தூள், சீனி, ஒரு கிலோ அரிசி, பருப்பு, ரெண்டு வெங்காயம், ரெண்டு தக்காளி, ஒரு கொத்து கறிவேப்பில, உப்பு. இருபத்தஞ்சு முப்பது வெள்ளி ஆகும். மாவு வாங்கி வைக்கலாமான்னு கேப்பீங்க, ஃப்ளைட்டு லேட்டானா புளிச்சு பொங்கி ஃப்ரிட்ஜு பூரா வழியும், பட்டு சொல்றேன்.

வர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு மெசேஜ் ஆனா நல்ல மெசேஜ் போடுங்க. எஸ்ஜி அரைவல் கார்டு, அதான் சிங்கப்பூருக்குள்ள வர்றதுக்கான படிவம், வந்து எறங்கறதுக்கு மூணு நாளைக்குள்ள ஆன்லைன்ல போடணும், அது ஐசிஏ, அதான் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையம், அவங்க சைட்ல இலவசம், காசு கேட்டா அது வேற எவனோட சைட்டோ, மூடிடுங்க. கொண்டோ வாசல் போட்டோ, லிஃப்ட் லாபி போட்டோ, சாவி எங்க வாங்கணும். ஃப்ளைட்டு ராத்திரின்னா ரயில் இருக்காது, மீட்டர் டாக்சி பன்னண்டு மணிக்கு மேல பாதி கூட ஆகும், அதனால மீட்டர் ஏறுதேன்னு பயப்பட வேணாம்னு ஒரு வரி. முடிஞ்சா அந்த ஒரு ராத்திரி மட்டும் நீங்களே போய் நில்லுங்க. செங்காங்லேர்ந்து ஃபேரர் பார்க் ஒரே ரயில்தான, திரும்பி வரத்தான் டாக்சி. வீட்டச் சுத்தி காட்டும்போது ஹீட்டர நீங்க போடாதீங்க, அவங்கள போடச் சொல்லுங்க. கை போட்டது மறக்காது.

சட்டப்படி செய்ய வேண்டியத நல்ல விதமா செஞ்சாலே அதுவும் உபசாரம்தான். அவங்க இங்க தங்கறதுக்கான பாஸ் ஒரிஜினலப் பாக்கணும், பாஸ்போர்ட்டோட ஒத்துப் பாக்கணும், மனிதவள அமைச்சு இல்லன்னா ஐசிஏ சைட்ல செல்லுபடியாகுதான்னு பாக்கணும், மூணும் வீட்டுக்காரங்க கடம. இத போலீஸ்காரர் மாதிரி கேக்காதீங்க, எல்லாரும் செய்யறதுதான் தம்பின்னு ஒரு காப்பி குடுத்துட்டு கேளுங்க. ஒப்பந்தத்துக்கு ஸ்டாம்ப் டியூட்டி கையெழுத்துலேர்ந்து 14 நாளுக்குள்ள கட்டணும், மொத்த வாடகையில 0.4 சதவீதம், மாசம் 4,000ன்னா மூணு மாசத்துக்கு 48 வெள்ளி. வழக்கமா குடியிருக்க வர்றவங்கதான் கட்டுவாங்க, ஆனா புதுசா எறங்கினவங்களுக்கு இது தலையும் புரியாது வாலும் புரியாது, பக்கத்துல ஒக்காந்து நீங்களே ஆன்லைன்ல செஞ்சு குடுத்துடுங்க. கொண்டோ ஆபீஸ்ல பேரு பதிஞ்சு கார்டு வாங்கறதும் அவங்க வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கட்டும், நீச்சல்குளம் கண்ணு முன்னாடி இருந்து கதவு தெறக்கலன்னா என்ன பிரயோஜனம்.

தினம் மெசேஜ் போடறத நிறுத்துங்க. எல்லாம் ஓகேயான்னு கேட்டா ஓகேங்கறதத் தவிர வேற பதில் அதுல வராது. மறுநாள் காலையில ஒண்ணு, சுடுதண்ணி எத்தன நிமிஷத்துல வருது? மூணாம் நாள் ஒண்ணு, ரூம்ல ராத்திரி வெளிச்சம் சத்தம் எதாவது தூக்கத்த கெடுக்குதா? ஒரு வாரத்துல ஒண்ணு, சமையலறையில என்ன பாத்திரம் இல்லாம கஷ்டமா இருக்கு? இப்படி கேட்டா ஓகேன்னு சொல்லி தப்பிக்க முடியாது, ஒரு குழா சொட்டறதோ தலகாணி ஒசரமா இருக்கறதோ வெளிய வந்துடும். வந்தா அன்னிக்கே சரி பண்ணுங்க. அப்புறம் கூப்பிடற வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீங்க. நீங்க வீட்டுக்காரிதான், ஆனா மூணு மாசத்துக்கு அது அவங்க வீடு. கெளம்பும்போது முன்பணத்த மூணு நாலு நாள்ல திருப்பி குடுத்துடுங்க, உள்ள வரும்போதே ரெண்டு பேரும் சேந்து போட்டோ எடுத்து வச்சிருந்தா பேச்சே இருக்காது. முன்பணத்த இழுத்தடிச்ச வீட்டுக்காரங்களப் பத்தி நம்ம ஆளுங்க பத்து வருஷம் கழிச்சும் கல்யாண வீட்ல ஒக்காந்து பேசுவாங்க.

இப்ப அலமாரி. ரெண்டு ரூம் வீட்ல ரெண்டு அலமாரி பூட்டியிருந்தா, அவங்க துணிய எங்க வச்சிருப்பாங்க? ஏழாவது போட்டோவுல பாத்தேன், ரூம் மூலையில மடிச்ச துணி பெட்டிக்குள்ளயே இருக்கு, பெட்டி தெறந்தபடியே கெடக்கு. அது அவங்க இருந்தப்ப எடுத்த போட்டோன்னு நெனக்கறேன். மூணு மாசம் பெட்டிக்குள்ளேர்ந்து துணி எடுத்து போட்டவங்க அங்க குடியிருக்கவே இல்ல தங்கச்சி, நாளைக்கு கெளம்பற மாதிரியே இருந்திருக்காங்க. அதுக்கு மேல ஹால்ல மால போட்ட அம்மா படம். சாப்பிடும்போது, டிவி பாக்கும்போது, புருஷன் பொண்டாட்டி பேசும்போது, எல்லாத்துக்கும் அம்மா பாத்துட்டே இருக்காங்க. உங்களுக்கு அம்மா. அவங்களுக்கு?

உடனே காலி பண்ணுங்கன்னு சொல்ல எனக்கும் வாய் வரல. எங்க அம்மா போய் நாலு வருஷம் நான் அவங்க கண்ணாடிக் கூட்டக்கூட தொடல. ஆனா அந்த வீட்ட அடுத்த ஆளுக்கு விடறதுக்கு உங்க மனசு இன்னும் தயாராகலன்னா, ஒரு ரெண்டு மாசம் விடாதீங்க, ஒண்ணும் குடி முழுகிப் போகாது. மகள கூட்டிட்டு போய் அந்த வெள்ளிக்கிழம ராத்திரி தங்கறீங்க இல்ல, அன்னிக்கே ஒரு அலமாரியத் தெறங்க. சேலைய ரெண்டு பேரும் பிரிச்சுக்கோங்க, படத்த செங்காங் வீட்டு சாமி மாடத்துக்கு கொண்டு போங்க. ரெண்டாவது அலமாரி அடுத்த மாசம்.

ரெண்டாவது போட்டோவுல அடுப்பு மேல ஒரு பழைய இட்லிச்சட்டி இருக்கு பாருங்க, பித்தளப் பிடி வச்சது, அத மட்டும் எடுக்காதீங்க, அங்கயே இருக்கட்டும். தட்டு நாலும் குழி மேல குழி வராம மாத்தி மாத்தித்தான் அடுக்கணும், இல்லன்னா கீழ் தட்டு இட்லி மேல் தட்டுல ஒட்டிக்கும், அத அந்த ஏ4 தாள்ல கடைசி வரியா எழுதிடுங்க.